மூணாவது மேடு

— உக்காரு, அழகு. பஸ்ஸை விட்டு இறங்கி நேரா வந்திருக்க போல. தலையெல்லாம் புழுதி. உக்காந்து பேசலாம்ல.

— உக்கார வரல, அண்ணாச்சி. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எங்கக்காவுக்குக் குடுத்தீங்களே டெட்ராசைக்ளின் கேப்சூல், அதை எங்கன வச்சிருந்தீங்க?

— மருந்துக் கடையில மருந்தை எங்கன வைப்பாவ? இந்தா, பின்னால நிக்குதே அலமாரி, இதுலதான். நீ பாவாடை கட்டுன காலத்துல இருந்து பாக்குத அலமாரிதான தாயி.

— அதுக்கு மேல என்ன கூரை?

— தகரம்.

— பங்குனி இப்பத்தான் பொறந்திருக்கு. அதுக்குள்ள இதுக்குக் கீழ நிக்க முடியல. சித்திரையில எப்படி இருக்கும்?

— கரிசக்காட்டுல பொறந்தவகிட்டப் போய் வெக்கையைப் பத்தி நான் என்ன சொல்ல? கோவில்பட்டியில எத்தனை வீட்ல தகரம் இல்ல? உங்கக்கா வீடும் தகரந்தான, பாத்துக்கோ.

— நான் வீட்டைக் கேக்கல. மருந்து இருந்த இடத்தைக் கேக்கேன்.

— சரி, சரி. ஏ வெயிலு! சொர்ணத்தோட தங்கச்சி வந்திருக்கா மெட்ராஸ்ல இருந்து. குடிக்க என்னமும் கொண்டா.

— அழகுத்தாயா? வாட்டி. கருமாதியில பாத்தது. இப்படி எலும்பாப் போயிட்டியே. இரு, மோர் கலக்கிட்டு வாரேன்.

— வேண்டாம், மைனி. இந்த வீட்ல பச்சைத் தண்ணி குடிக்க எனக்கு இன்னைக்கு மனசு இல்ல.

— அப்படி என்னத்தை செஞ்சுட்டோம் நாங்க?

— வெயிலு, நீ உள்ள போ. அவ துக்கத்துல பேசுதா. அழகு, நீ சொல்லு. என்ன வந்துச்சு உனக்கு?

— அக்கா சர்க்கரையில சாகல, அண்ணாச்சி.

— டாக்டர் முதல்ல அப்படித்தான சொன்னாரு.

— நீங்க பக்கத்துல இருந்தீங்க. நான் இல்ல. தந்தி வந்து நான் ரயிலேறி வந்து சேந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அவளுக்கு என்ன செஞ்சுச்சுன்னு நீங்களே முதல்ல இருந்து சொல்லுங்க. ஒண்ணையும் விடாம சொல்லுங்க.

— ஐப்பசி அடைமழையில காய்ச்சல்னு படுத்தா. ஊருக்கே வந்த காய்ச்சல்தான், பாத்துக்கோ. தீப்பெட்டி ஆபீஸ்ல பாதிப்பேர் வேலைக்கு வரல. மத்தவளுவ எல்லாம் கஷாயமோ மாத்திரையோ தின்னுட்டு எந்திரிச்சுட்டாளுவ. சொர்ணமும் எந்திரிச்சா. பொறவு மறுபடி படுத்தா. ஒரு நாள் மத்தியானம் சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து வந்தவ, இந்தப் பெஞ்சுல உக்காந்து தண்ணி கேட்டா. வெயிலு செம்பு நிறையக் குடுத்தா. குடிச்சுட்டு இன்னொரு செம்பு கேட்டா. அதையும் குடிச்சுட்டு, கிணத்தைக் குடுத்தாலும் குடிச்சிருவேன் போல இருக்கு அண்ணாச்சின்னு சிரிச்சா. குடிக்கிறது அம்புட்டும் அப்படியே வெளிய போயிருதுன்னா. திங்கிறது வயித்துல தங்கலைன்னா. கால் ரெண்டும் பஞ்சாட்டம் இருக்கு, குச்சி அடுக்க விரல் வரமாட்டேங்குதுன்னா. யாரு? சொர்ணம்! அவ குச்சி அடுக்குத வேகத்தைப் பாக்கறதுக்கே மத்தவளுவ தன் கையை நிறுத்திருவாளுவன்னு கணக்குப்பிள்ளை சொல்லுவாரு.

— பொறவு?

— நாந்தான் டாக்டரைப் போய்ப் பாருன்னு சத்தம் போட்டு அனுப்புனேன். அவிய ஒண்ணுக்கை மருந்துல ஊத்திக் காய்ச்சிப் பாத்தாவளாம். நீலமா இருந்தது செங்கல் நிறத்துக்கு மாறுச்சாம். சர்க்கரை இருக்குன்னு சோத்தை நிறுத்தச் சொன்னாவ. கேப்பக்களியும் கொத்தமல்லித் தண்ணியுமாக் கெடந்தா. இன்னும் மெலிஞ்சா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்ப ரத்தத்தை எடுத்துப் பாத்திருக்காவ. ரத்தத்துல சர்க்கரை இல்லியே! அந்த டாக்டர் நல்ல மனுசன். ரத்தத்துல இல்லாத சர்க்கரை ஒண்ணுக்குல எப்படி வருதுன்னு அவரே குழம்பிப்போய் நின்னாராம். பொறவு மூச்சு வாங்க ஆரம்பிச்சது. ஓடி வந்த மாட்டுக்கு வாங்குமே, அப்படி. படுக்கையில கெடக்கவளுக்கு எதுக்கு மூச்சு வாங்குது? மார்கழி பொறக்கையில போயிட்டா.

— ரத்தத்துல இல்லாத சர்க்கரை எப்படி வந்துச்சுன்னு நான் சொல்லுதேன். கிட்னிக்குள்ள நுணுக்கமான குழாய் இருக்கு. உடம்புக்கு வேண்டியதைத் திருப்பி எடுத்துக்கிட்டு வேண்டாததை மட்டும் வெளிய விடுறது அதோட வேலை. அக்காவுக்கு அந்தக் குழாய் வெந்து போச்சு. சர்க்கரை, உப்பு, சத்து எல்லாத்தையும் வெளிய விட்டுருச்சு. அதான் அந்தத் தாகம். அதான் கால் பஞ்சானது. அந்த மூச்சும் அதனாலதான். கெட்டுப்போன டெட்ராசைக்ளினைத் தின்னா இப்படியே வரும், அண்ணாச்சி. மத்த தேசத்துல வந்திருக்கு, புஸ்தகத்துல எழுதியிருக்காங்க. திங்கிறதை நிறுத்திட்டா முக்கால்வாசிப்பேர் தன்னால தேறிருவாங்க.

— நிறுத்துனா தேறிருவாவளா?

— ஆமா.

— சொர்ணமும் தேறியிருப்பாளா, அழகு?

— தேறியிருப்பா. உடம்பு முடியல முடியலைன்னு மறுபடி மறுபடி அதையே எடுத்துத் தின்னிருக்கா. காய்ச்சல் உள்ள இருக்குன்னு நினைச்சிருப்பா.

— வெயிலு, கொஞ்சம் தண்ணி கொண்டா. எனக்குத்தான்.

— ஒரே மூச்சுல செம்பைக் காலி பண்ணிட்டீங்களே அண்ணாச்சி?

— வெக்கை தாயி. வேற ஒண்ணுமில்ல. அது கெட்டுப்போன மருந்துன்னு நீ எதை வச்சுச் சொல்லுத?

— கருமாதி முடிஞ்ச மறுநாள் அக்கா வீட்டைக் கழுவிவிட்டேன். அடுப்படிப் பரண்ல ஒரு பவுடர் டப்பா. அதுக்குள்ள கேப்சூல். பேரு கெடையாது, சீட்டுக் கெடையாது. மஞ்சளா இருக்க வேண்டிய மருந்து தவிட்டு நிறத்துல இருந்துச்சு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடந்துச்சு. அத்தான்கிட்டக் கேட்டேன். அவருக்கு நினைப்பு ஒரு இடத்துல நிக்கல. மருந்துக் கடை மருந்தாத்தான் இருக்கும், அவ வேற எங்க போகப் போறான்னாரு.

— உங்கத்தான் சோலை அப்படியா சொன்னான்? அவனுக்கு ஞாபகம் இல்ல போல.

— எது ஞாபகம் இல்ல?

— ஒண்ணுமில்ல. நீ சொல்லு.

— டப்பாவை மெட்ராஸுக்கு எடுத்துட்டுப் போனேன். பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. மருந்து சோதிக்கிற எங்க லேப்ல நான் மட்டும் இருந்தேன். பெரிய ஆபீசர்கிட்டக் கேட்டுக்கிட்டு மெஷினைப் போட்டேன்.

— நில்லு. நான் சண்டைக்குக் கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேக்கேன். என் கடை மருந்தை டிரக் இன்ஸ்பெக்டர் முன்னால ஒருக்க எடுத்துட்டுப் போனாரு. இதே டெட்ராசைக்ளின்தான். சோதிச்சுப் பாத்துட்டு, சரியா இருக்குன்னுதான சொன்னாவ?

— அது பழைய சோதனை. கிருமியைத் தட்டுல வளக்குறது, நடுவுல மருந்தை விடுறது. மருந்தைச் சுத்தி கிருமி செத்து வட்டமாத் தெளிஞ்சா மருந்துக்குச் சக்தி இருக்குன்னு அர்த்தம். அக்கா தின்னதையும் அப்படிப் பாத்தேன். அதுலயும் வட்டம் வந்துச்சு. கொஞ்சம் சின்ன வட்டம், அவ்வளவுதான். கிருமியைக் கொல்லுதான்னுதான் அந்தத் தட்டு சொல்லும். மனுசனைக் கொல்லுமான்னு அதுக்குச் சொல்லத் தெரியாது.

— உன் மெஷினு சொல்லுமாக்கும்?

— பிரிச்சுக் காட்டும். ஒரு இரும்புக் குழாய், சாண் நீளத்துக்கு. உள்ள மாவு மாதிரி நைசான பொடியை நெருக்கி அடைச்சிருக்கும். மருந்தைக் கரைச்சு ஒரு சொட்டு விட்டுட்டு, பின்னாலேயே திரவத்தை அழுத்தித் தள்ளணும். பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலைத் தெருவுல கூட்டம் மொத்தமா நுழையுதுல்லா? ஒருத்தன் எந்தக் கடையையும் திரும்பிப் பாக்காம விறுவிறுன்னு போயிருவான். ஒருத்தி வளையல் கடையில நிப்பா, மிட்டாய்க் கடையில நிப்பா, கடைசியா வந்து சேருவா. நுழையும்போது ஒரே கூட்டம், வெளிய வரும்போது தனித்தனி. மருந்தும் அப்படித்தான். பொடியில ஒட்டாதது முந்தி வரும், ஒட்டி ஒட்டி வாரது பிந்தி வரும். குழாய் முடியிற இடத்துல ஒரு லைட் இருக்கு. ஒவ்வொண்ணும் அதைத் தாண்டும்போது பேனா ஏறி இறங்கி, பேப்பர்ல ஒரு மேடு போடும்.

— சொர்ணத்துக்கிட்ட ஒருக்க, உந்தங்கச்சிக்கு மெட்ராஸ்ல என்ன வேலைன்னு கேட்டேன். எனக்கு என்ன தெரியும், மருந்துக்கே வைத்தியம் பாக்கான்னா. இந்தப் பெஞ்சுல இருந்தவுக எல்லாரும் சிரிச்சாவ. அவ சிரிக்கல.

— அதெல்லாம் இப்ப எதுக்கு எங்கிட்டச் சொல்லுதீங்க?

— மனசுல வந்துச்சு. நீ சொல்லு தாயி.

— முதல்ல நல்ல கேப்சூலைப் போட்டேன். பெரிய மேடு ஒண்ணு. அதுக்கு முன்னால எறும்பு குமிச்ச மண்ணு மாதிரி சின்னதா ஒண்ணு. அவ்வளவுதான். பேனா நேராக் கோடு போட்டுக்கிட்டே போச்சு. பொறவு அக்கா தின்னதைப் போட்டேன். முதல் மேடு பெருசா வந்துச்சு. ரெண்டாவது, அதான் மருந்து, பாதியாக் குறைஞ்சு வந்துச்சு. அதுக்கு மேல பேனா சும்மா போகணும்ல, அண்ணாச்சி? போகல. மறுபடியும் ஏறுச்சு. மூணாவதா ஒரு மேடு. அதுக்குப் பின்னால நாலாவது.

— மூணாவது என்னது?

— அதான் விஷம். மருந்து வெக்கையிலயும் ஈரத்துலயும் கெடந்து கெடந்து அதாகவே மாறிடுது. வேற யாரும் கலக்கல. பேரு சொன்னா உங்களுக்கு வாயில நுழையாது. பக்கத்துல அந்த விஷத்தோட சுத்தமான சரக்கையும் போட்டு ஒத்துப் பாத்தேன். அதே இடத்துலதான் வந்துச்சு. சந்தேகமா இருந்து குழாயைக் கழுவிட்டுத் திரும்பப் போட்டேன். திரும்பவும் அங்கனயே ஏறுச்சு.

— நீ ஒத்தையிலயா நின்ன?

— ஒத்தையிலதான். பொம்பளைன்னு என்னை மயானத்துக்கு வரவிடல. எங்கக்காவைப் பொதைச்ச மேட்டை நான் பாக்கல. இதைத்தான் பாத்தேன்.

— அழகு...

— இருங்க, நான் இன்னும் முடிக்கல. இது கம்பெனிக்காரன் தப்பு இல்ல. மருந்து வரும்போது நல்லாத்தான் வந்திருக்கும். வச்ச இடத்துத் தப்பு. பரண்ல ஒரு மாசம் ரெண்டு மாசம் இருந்தா இம்புட்டுக் கெடாது. வருசக்கணக்கா வெக்கை குடிச்சிருக்கணும். அப்படி வருசக்கணக்கா எங்கன இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க.

— உன் மெஷினு அதைச் சொல்லுமா தாயி? எங்கன இருந்துச்சு, யார் கையில இருந்து வந்துச்சுன்னு?

— அது சொல்லாது. அதுக்குத்தான் நானே வந்திருக்கேன். அந்த அலமாரியில இருக்க டெட்ராசைக்ளின் டப்பாவை எடுங்க, பாப்போம்.

— இல்ல.

— ஏன், வித்துட்டீங்களா?

— விக்கல. காட்டுல குழி தோண்டிப் பொதைச்சுட்டேன்.

— எப்ப?

— சொர்ணம் படுத்துக் கெடந்தப்ப.

— அவ சாகுறதுக்கு முன்னாலயே? அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

— தெரியாது. சந்தேகந்தான். டப்பாவைக் கொட்டிப் பாத்தேன். நிறம் நல்லாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் மனசு கேக்கல, பொதைச்சுட்டேன்.

— எதுக்காகக் கொட்டிப் பாத்தீங்க? நிறம் மாறியிருக்கும்னு உங்களுக்கு யார் சொன்னா?

— ஒருத்தரும் சொல்லல.

— அண்ணாச்சி, எங்கம்மா செத்தப்ப நான் கைப்பிள்ளை. அக்காவுக்கு அப்பவே தீப்பெட்டி ஆபீஸ் வேலை. கந்தக வாசம் அடிக்கிற கையாலதான் எனக்குச் சோறு ஊட்டுனா. எனக்கு இன்னைக்கும் சோத்துல அந்த வாசம் இல்லைன்னா இறங்காது. அவ உங்களை எம்புட்டு நம்புனான்னு உங்களுக்கே தெரியும். பெருமாள்சாமி அண்ணாச்சி கடை இருக்கும்போது நமக்கு என்ன பயம்னுவா. நீங்க சந்தேகம் வந்த அன்னைக்கே ஓடிப்போய், ஏட்டி சொர்ணம் அதைத் திங்காதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ இருந்திருப்பா. டப்பாவைப் பொதைக்கத் தெரிஞ்சவருக்கு அது தெரியல.

— சரிதான்.

— என்ன சரிதான்?

— நீ சொல்லுதது சரிதான். நான் செஞ்சது பத்தாது. இன்னும் செஞ்சிருக்கணும்.

— கோவப்பட்டாவது பேசுங்களேன். இல்லைன்னாவது சொல்லுங்களேன்.

— சொல்லி என்ன ஆகப்போவுது? போனவ போயிட்டா. இருக்கவ இருக்கணும், பாத்துக்கோ. நீ என்ன செய்யணும்னு வந்தியோ அதைச் செய்.

— நாளைக்கு டிரக் இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டு வாரேன். அவர்கிட்டப் பேசிட்டுத்தான் வந்திருக்கேன். இந்த அலமாரியில இருக்க ஒவ்வொரு மருந்தையும் எடுத்துட்டுப் போவாங்க. கடையைப் பூட்டுவாங்க. எங்கக்காவுக்காக மட்டும் இல்ல. இன்னும் எத்தனை வீட்ல எத்தனை பேர் இங்கன வாங்கித் தின்னுட்டு, தண்ணி தண்ணின்னு கெடக்காங்களோ.

— கூட்டிட்டு வா. நானே தொறந்துவிடுதேன். எங்கடை மருந்துதானான்னு கேட்டா ஆமாம்பேன்.

— ஆமாம்பீங்களா! என்ன ஆமா? உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?

— வெயிலு, உன்னை உள்ள போகச் சொன்னேன்.

— போக மாட்டேன். கதவுக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நாளைக்கு ஊர் பூரா நம்ம வாசல்ல நிக்கும். கொலைகாரப் பாவின்னு மண்ணை வாரித் தூத்தும். நீங்க வாயை அடைச்சுக்கிட்டு நிப்பீங்க, என்னால ஏலாது. இருக்கவ இருக்கணும்னு சொன்னீங்களே, அந்த இருக்கவ யாருன்னு அவளுக்குச் சொல்லுங்க.

— மைனி, என்னத்தைச் சுத்தி வளைக்கிறீங்க?

— வளைக்கல. இங்கன பாரு, அழகு. உங்கக்கா இந்தக் காய்ச்சலுக்கு எங்க கடையில ஒரு கேப்சூல் வாங்கல.

— பொய்.

— எம்பிள்ளைய மேல சத்தியம். காய்ச்சலோட வந்தா. இவிய டப்பாவைத் தொறந்து மருந்தை எடுத்துப் பொட்டணமா மடிச்சாவ. இது என்ன மருந்துன்னு கேட்டா. இவிய பேரைச் சொன்னாவ. அட, அது வீட்லயே இருக்கு அண்ணாச்சின்னுட்டு, பொட்டணத்தை மேசையில வச்சுட்டுப் போயிட்டா.

— அவ வீட்ல எப்படி இருக்கும்?

— அழகு, போதும் தாயி. வெயிலு சொல்லுததைக் கேக்காத. நீ போய் இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டு வா.

— நீங்க பேசாதீங்க, அண்ணாச்சி. மைனி, சொல்லுங்க. அவ வீட்ல எப்படி இருக்கும்?

— அவ எந்திரிக்க முடியாமக் கெடந்தப்ப நானும் இவியளும் பாக்கப் போனோம். எங்க கண்ணு முன்னால பவுடர் டப்பாவைத் தொறந்து ஒண்ணை எடுத்து வாயில போட்டா. இவிய டப்பாவை வாங்கி வெளிச்சத்துல பாத்தாவ. நீ சொன்னியே தவிட்டு நிறம், அப்படித்தான் இருந்துச்சு. இது ஆகாது சொர்ணம், தூர எறிஞ்சிருன்னு சொன்னாவ. படிச்சுப் படிச்சுச் சொன்னாவ. அவ சிரிச்சுக்கிட்டே டப்பாவை வாங்கி மடியில வச்சுக்கிட்டா. நேரா வீட்டுக்கு வந்துதான் பயத்துல நம்ம மருந்தையும் கொண்டுபோய்ப் பொதைச்சாவ. அவ கையில இருந்து புடுங்காம வந்துட்டேனேன்னு அன்னையில இருந்து இந்த மனுசன் ஒழுங்காச் சோறு திங்கல.

— சொன்னீங்கல்லா? எறியச் சொன்னீங்கல்லா? அப்பவும் ஏன் எறியல? அக்கா என்ன சொன்னா?

— வெயிலு, வேண்டாம்.

— எம்புருசனுக்குக் கால்ல முள்ளு ஏறிப் புரையோடுனப்ப எங்க அழகு மெட்ராஸ்ல இருந்து குடுத்துவிட்டது அண்ணாச்சி, மிச்சத்தை இத்தனை வருசமா நாந்தான் பத்திரமா வச்சிருக்கேன், எந்தங்கச்சி சோதிச்சுப் பாத்த மருந்து எப்படிக் கெட்டுப்போகும்னு கேட்டா.